நீலக்கண் கேட்ட சிறுமியின் ஊரில்

வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் கடைத்தெருவில் சனிக்கிழமைகளில் ஒலிபெருக்கி வைத்துப் பிரசங்கம் செய்கிறவர்கள் உண்டு. அப்படியொரு சனிக்கிழமை, துவரம்பருப்பும் புளியும் வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். மீசை அரும்பாத பையன் ஒருவன் கைப்பிரதியை நீட்டி, "இயேசுவைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?" என்றான். எனக்குப் புரியட்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திக் கேட்டான், பாவம்.

சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது. திருநெல்வேலிச் சீமையில் களக்காட்டுப் பக்கத்துக் கிராமத்தில், சபை ஊழியரான உபதேசியார் வீட்டில் பிறந்தவள் நான். "தம்பி, பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 1780-லேயே 40 பேர் இருந்தார்கள், தெரியுமா?" என்று வாய் வரை வந்தது. மழை பிடித்துக்கொண்டதால் பிரதியை வாங்கிப் புளிப் பொட்டலத்தோடு பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன்.

மற்றபடி இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. மருத்துவமனையில் செவிலியர் வேலை. இரவுப் பணி முடிந்து திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பகலில் உறங்கக் கற்றுக்கொண்டேன். கோடையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருப்பதைப் பார்த்து இப்போது வியப்பதில்லை. ஞாயிறு ஆராதனை சரியாக ஒரு மணி நேரத்தில் முடிந்து, தேநீரும் பிஸ்கட்டும் தருவார்கள். அதுவும் பழகிவிட்டது என்றுதான் எழுத நினைத்தேன். ஆனால் பிஸ்கட்டைக் கடிக்கும்போதெல்லாம் எங்கள் ஊர்ச் சபை விருந்தான அசனம் நினைவுக்கு வந்துவிடுகிறது. கோயில் வளாகத்தில் விடிய விடிய எரியும் அடுப்புகள், அண்டா அண்டாவாக ஆட்டுக்கறிக் குழம்பு, ஊரே பந்தியில் உட்காரும் நெரிசல், உண்டது போக வீட்டுக்கும் ஒரு தூக்குவாளி. அந்த அசனத்தில் உட்கார்ந்தவளுக்கு இந்த பிஸ்கட் தட்டு எப்படி இருக்கும்!

உணவைக்கூட மன்னித்துவிடுவேன். மன்னிக்க முடியாதது, அந்தத் தேநீர்க் கோப்பையோடு வரும் கேள்வி: "நீங்கள் எப்போது கிறிஸ்தவரானீர்கள்?" புன்னகையோடு, கருணையோடு கேட்பார்கள். என் பூட்டிக்கு முந்திய தலைமுறையிலேயே என்று சொன்னால், பாதி நம்புவார்கள். அடுத்த கேள்வி: "அதற்கு முன் உங்கள் பெயர் என்ன?" ஒரு முறை, "ஞானஸ்நானத்துக்கு முன் எனக்குப் பெயரே இல்லை, மூன்று மாதக் குழந்தை" என்றேன். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன், அனுதாபத்தோடு தலையாட்டினார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் பக்கத்துக்கு வந்த மிகப் பெரிய மிஷனெரி இவர்கள் ஊர்க்காரர். களக்காட்டுப் பக்கம் டோனாவூரில் ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1867-இல் பிறந்தது இங்கிருந்து பஸ்ஸில் போய்விடக்கூடிய மில்லைல் என்னும் கடற்கரைக் கிராமத்தில். 1895-இல் இந்தியா வந்தவர், 1951-இல் டோனாவூரில் இறக்கும்வரை ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. இந்துக் கோயில்களுக்கு ஒப்படைக்கப்படவிருந்த பெண் குழந்தைகளுக்கு வீடு கொடுத்தவர். 1931-இல் விழுந்து காயப்பட்ட பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் படுக்கையிலிருந்தபடியே புத்தகங்கள் எழுதினார். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். குழந்தைகள் பறவைகள் நீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, அதில் அம்மா என்று பொருள்படும் ஒரே சொல்லைப் பொறித்தார்கள். எங்கள் வீடுகளில் அவர் பெயரை யாரும் தனித்துச் சொல்வதில்லை. கார்மைக்கேல் அம்மா என்றால்தான் நாக்கு நிற்கும்.

என்னோடு பணிபுரியும் ஒரு பெண் பக்கத்து ஊரான பாங்கோரில் பிறந்து வளர்ந்தவர். அவருக்கு இந்தப் பெயரே தெரியவில்லை. "உங்கள் ஊரில் அவருக்குச் சிலை இருக்கிறது, 2017-இல் வைத்தார்கள்" என்று சொல்லி விடுமுறை நாளில் அவரையே அழைத்துக்கொண்டு போனேன். வெண்கலத்தில் சின்னப் பெண்ணாக நிற்கிறார் அம்மா. சொந்த ஊர்க்காரருக்குத் திருநெல்வேலிக்காரி வழிகாட்டியான கதை இது. திரும்பும்போது ரயிலில், கார்மைக்கேல் அம்மா இந்தியாவுக்குப் போகும் முன்பே பெல்பாஸ்டின் லினன் ஆலைப் பெண்களிடையே ஊழியம் செய்ததைச் சொன்னேன். தொப்பி வாங்க வசதியில்லாமல் சால்வையால் தலையை மூடிக்கொண்டு வந்த அந்தப் பெண்களைச் சபையார் முகம் சுளித்துப் பார்த்தார்களாம். அவர்களுக்கென்றே இரும்புத் தகட்டில் ஒரு கூடம் எழுப்பி 1889-இல் திறந்தார். அவருடைய ஊழிய அழைப்பு கப்பலேறிய பிறகு பிறந்ததில்லை. தெருமுனையில் பிறந்தது.

நான் ஞாயிறுதோறும் போகும் சபையின் பெண்கள் கூட்டத்தில் பேச என்னை அழைத்தபோது, தலைப்பை அவர்களே போட்டிருந்தார்கள்: 'இந்தியாவில் நற்செய்தியின் கனிகள்'. கனி என்றால் பறித்துத் தட்டில் வைப்பது. மாற்றச் சொன்னேன். எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளைக் கிராமத்தில் பிறந்த அசரியாவைப் பற்றிப் பேசினேன். 1903-இல் பாளையங்கோட்டையில் தமிழர்களே தங்கள் பணத்தில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கினார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் அவர். பிறகு தெலுங்கு கற்று, தெலுங்கு நாட்டு டோர்னக்கல்லுக்கே போய்விட்டார். என் ஆச்சி உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை மிஷன் பானையில் போடுவாள். அவள் பார்த்திராத ஊர்களுக்கு, புரியாத மொழிக்காரர்களுக்கு அது போய்ச் சேரும். பெற்றுக்கொண்டவர்கள் என்று எங்களை எவனும் அவளிடம் சொல்லியிருக்க முடியாது. சொன்னவனுக்கு அரிசிப் பானையால் பதில் கிடைத்திருக்கும்.

1910-இல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாட்டில் அசரியா பேசியதையும் சொன்னேன். உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உடலையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பு வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அவையில் சிலருக்கு அது கசந்தது. பேச்சு முடிந்ததும் இங்கும் சற்று நேரம் கோப்பைச் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு முன்வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி கேட்டார்: "அப்படியானால் உங்கள் ஆட்கள் எங்களுக்கும் ஊழியர்களை அனுப்புவார்களா? ஞாயிறு பள்ளிக்கு ஆசிரியர் இல்லை." கேலி என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன், அம்மாள் முழு மனதோடு கேட்டிருக்கிறார்.

இப்போது ஞாயிறு பள்ளியில் நான்தான். பிள்ளைகள் கொஞ்சம்தான். முதல் வாரம் கதை சொன்னேன்: பழுப்புக் கண்களோடு பிறந்த சின்ன ஏமி, நீலக்கண் தரும்படி இரவில் ஜெபித்து, காலையில் கண்ணாடி பார்த்து ஏமாந்தாள், பின்னாளில் வெள்ளைக்காரி என்று தெரியாதபடி சேலை கட்டி, தோலில் காப்பிச் சாயம் பூசி வெளியே போனபோது, அந்தப் பழுப்புக் கண்கள்தாம் அவரைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தன. எங்கள் ஊரில் இதைச் சொன்னால் பிள்ளைகள் தலையாட்டிவிட்டு மிட்டாய் கேட்பார்கள். இங்கே ஒரு பையன், கடல்போல் நீலமான கண்களோடு, எழுந்து நின்றான்.

"அப்படியானால் நான் இந்தியாவுக்குப் போகக் கூடாதா?"

"போகலாம், ராசா. வெயிலுக்கு ஒரு தொப்பி மட்டும் எடுத்துக்கொண்டு போ" என்றேன்.