கிராஃபில் விழும் இடைவெளி: லேபில் கற்றுக்கொண்டது

சிசிஎன்ஏ (சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழ்) தேர்வுக்குப் படிக்கிறவர்கள் எஸ்என்எம்பி (நெட்வொர்க் சாதனங்களிடம் தகவல் கேட்டு வாங்கும் நெறிமுறை) பகுதியை வாசித்ததோடு நிறுத்த வேண்டாம். வீட்டில் ஒரு பழைய சுவிட்ச் இருந்தால் அதன் போர்ட் கவுன்டரை (போர்ட் வழியே போன பைட்களின் எண்ணிக்கை) 5 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து, ஆர்ஆர்டிடூலில் (அளவுகளை நேரவாரியாகச் சேமித்து கிராஃப் வரையும் மென்பொருள்) போட்டு, நீங்களே கிராஃப் வரைந்து பாருங்கள். நான் அப்படிச் செய்தபோதுதான் பாடம் உண்மையில் புரிந்தது.

என் கிராஃபில் அங்கங்கே கோடு அறுந்து வெள்ளையாக நின்றது. கேபிளை மாற்றினேன், டைம்அவுட்டைக் கூட்டினேன், இரண்டு நாள் போய்விட்டது. பிறகுதான் எந்த நேரத்தில் அறுகிறது என்று கவனித்தேன்: பெரிய ஃபைல் காப்பி ஆகும்போது மட்டும். பிங் ஒன்றுகூடத் தவறவில்லை. ஆர்ஆர்டிடூலில் லாஸ்ட்அப்டேட் (கடைசியாக வந்த எண்ணைக் காட்டும் கட்டளை) கொடுத்தால் கவுன்டர் எண் ஒழுங்காக வந்திருக்கிறது, ஃபெட்ச் (சேமித்த அளவுகளைக் காட்டும் கட்டளை) கொடுத்தால் அதே நேரத்துக்கு 'நேன்' (மதிப்பு இல்லை) என்று நிற்கிறது. அதாவது தகவல் வந்து சேர்ந்திருக்கிறது, ஆர்ஆர்டிதான் ஏற்கவில்லை! போர்ட் 100 எம்பிபிஎஸ்ஸில் இருந்த காலத்தில் ஆர்ஆர்டி ஃபைலை உருவாக்கி, மேக்ஸிமம் மதிப்பாக விநாடிக்கு 12500000 பைட் கொடுத்திருந்தேன், பிறகு போர்ட்டை ஜிகாபிட்டுக்கு மாற்றியபோது அதைத் தொடவே இல்லை, அந்த வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு மதிப்பும் 'தெரியாதது' ஆகிவிட்டது. ஃபைலின் அமைப்பை மாற்றும் டியூன் கட்டளையில் அந்த மேக்ஸிமத்தை 125000000 ஆக்கியதும் சரியானது.

அதனால் எதையும் மாற்றும் முன் இடைவெளியின் நேரத்தையும் அகலத்தையும் பாருங்கள். எல்லாச் சாதனங்களிலும் ஒரே நேரத்தில் விழுந்தால் தகவல் எடுக்கும் சர்வரைப் பாருங்கள். தகவல் எடுக்கும் ஒரு சுற்று 300 விநாடிக்குள் முடியாமல் அடுத்த சுற்றோடு மோதியிருக்கலாம், சர்வரின் கடிகாரம் பின்னால் போயிருந்தாலும் அப்டேட் ஏறாது. ஒரே சாதனத்தில் மட்டும் என்றால் எஸ்என்எம்பி பதில் வராததைச் சந்தேகியுங்கள், அது போவது யுடிபி வழியாக, அதில் பாக்கெட் தொலைந்தால் தானாகத் திரும்ப வராது. ஹார்ட்பீட்டையும் (அடுத்த அளவு வர ஆர்ஆர்டி அதிகபட்சம் காத்திருக்கும் விநாடிகள்) பாருங்கள். ஸ்டெப் (அளவுகளுக்கு இடையிலான விநாடிகள்) 300 என்றால் ஹார்ட்பீட்டை 600 வைப்பதுதான் வழக்கம், அதையும் 300 என்றே வைத்துவிட்டால் ஸ்கிரிப்ட் சில விநாடி தாமதித்தாலே ஓட்டை விழும்.

அப்புறம் ஜிகாபிட் போர்ட்டுக்கு 64 பிட் கவுன்டர் கட்டாயம், அதற்கு எஸ்என்எம்பி வெர்ஷன் 1 போதாது. முழு வேகத்தில் 32 பிட் கவுன்டர் சுமார் 34 விநாடியில் நிரம்பி மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கிவிடும். அங்கே இடைவெளியே விழாமல், கோடு அழகாகத் தொடர்ந்தபடி தவறான குறைந்த அளவைக் காட்டலாம், எனக்கு அதுதான் அதிக பயம்.

பழைய இடைவெளி டியூன் செய்தாலும் நிரம்பாது. திரும்ப ஒரு பெரிய ஃபைலைக் காப்பி செய்து, புதிய கோடு அறுகிறதா என்று பாருங்கள்.