கார்த்திகை மழையில் மாமல்லபுரம்: நாட்குறிப்பு

2024 நவம்பர் 24, ஞாயிறு

மாலையில் வந்து சேர்ந்தேன். இருவருக்கென்று முன்பதிவு செய்த அறை அப்படியே இருக்கிறது: இரண்டு கட்டில்கள், சுருட்டிக் கட்டிய இரண்டு பாய்கள், மேசையில் இருவர் பெயரும் எழுதிய வரவேற்பு அட்டை. ஒரு கட்டிலை எடுத்துவிடலாமா என்று அறைக்கு வந்த பையன் கேட்டான். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 25, திங்கள்

இந்த ஊருக்குக் கூட்டம் வருவது டிசம்பர் கடைசியில் நாட்டிய விழா தொடங்கும்போதுதான். இப்போது வடகிழக்குப் பருவமழைக் காலம். விடுதியில் பாதிக்கு மேல் அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. நீச்சல் குளத்தின் மேல் நீலத் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். உணவுக்கூடத்தில் காலைக்கு இட்லியும் கஞ்சியும் மட்டுமே. யோகா முகாமில் ஐந்து பேர் இருக்கிறோம். பகலில் போய்ப் பார்க்கவோ வாங்கவோ எதுவும் இல்லாததால், காலை 6 மணி வகுப்பு முடிந்த பிறகும் உடம்பு அதே நினைப்பில்தான் இருக்கிறது. யோகா பயில இதைவிட ஏற்ற பருவம் இருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மாடிக் கூடத்தின் ஜன்னல்களில் உப்பு படிந்து கடல் மங்கலாகத் தெரிகிறது. பாய்கள் இரவெல்லாம் விரித்தே கிடந்தும் ஈரப்பிசுபிசுப்பு போகவில்லை. உள்ளங்கை வைத்தால் ஒட்டுகிறது. ஆசிரியை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக உட்கார்ந்து முழங்கால், முதுகு, தூக்கம், மருந்து எல்லாவற்றையும் விசாரித்த பிறகே பயிற்சியைத் தொடங்கினார். ஆளுக்கேற்பப் பயிற்சியை மாற்ற வேண்டுமே தவிர, பயிற்சிக்காக ஆளை வளைக்கக் கூடாது என்பது சென்னையில் 1989 வரை வாழ்ந்து நூறு வயதைக் கடந்த யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரின் வழி என்றார். தூக்கத்தைப் பற்றிக் கேட்டபோது நான் முழு உண்மையையும் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கினால் அக்காவில்தான் போய் முடியும்.

இரவு அவளே பேசினாள். மூன்று நாளில் முடிவு தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். நான் திரும்பி வந்துவிடட்டுமா என்று கேட்டேன். "பணம் கட்டியாச்சுடி. என்னைப் பார்த்துக்கிட்டே நீ உக்காந்திருந்தா முடிவு சீக்கிரம் வந்துடுமா?" என்றாள்.

நவம்பர் 26, செவ்வாய்

விடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. விருட்சாசனத்தில் இடது காலில் ஓரளவு நின்றேன். வலது காலில் சுவரைத் தொடாமல் நிற்க முடியவில்லை. அக்கா இந்த ஆசனத்தில் அசைந்து நான் பார்த்ததே இல்லை. சமையலறையில் குக்கர் விசில் எண்ணிக்கொண்டே ஒற்றைக்காலில் நிற்பாள்.

மதியம் குடை பிடித்துக்கொண்டு அர்ச்சுனன் தபசு வரைக்கும் நடந்தேன். அதைப் பகீரதன் தவம் என்றும் சொல்வார்கள். எவருடைய தவமாக இருந்தாலும், கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தி ஒற்றைக்காலில் நிற்கும் அந்தத் தவசியைப் பார்க்கத்தான் போனேன். எல்லோரும் கீழே அவரைப் போலவே நிற்கும் பூனையையும், அதைச் சுற்றியுள்ள எலிகளையும் காட்டிச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் அவருடைய விலா எலும்புகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வயிறு முதுகோடு ஒட்டிய உடம்பு. ஒவ்வொரு எலும்பையும் தனித்தனியாகச் செதுக்கியிருக்கிறான் பல்லவர் காலத்துச் சிற்பி. பாறையின் நடுப்பிளவில் நாகர்களின் மேல் மழைநீர் வழிந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்தில் மேலே ஒரு தொட்டி கட்டி இந்தப் பிளவின் வழியே நீரை இறக்கியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்வதை இன்று மழையில் நின்று பார்த்தபோது நம்பத் தோன்றியது.

அக்கா கடைசியாக எடை பார்த்தபோது எவ்வளவு இருந்தாள் என்று கேட்க வேண்டும். கேட்க மாட்டேன்.

நவம்பர் 27, புதன்

அழைப்பு இல்லை.

நவம்பர் 28, வியாழன்

இன்று முழுவதும் மூச்சுப் பயிற்சி. திருமூலர் சொல்லும் கணக்கு, மூச்சை உள்ளே இழுக்கும் பூரகத்துக்கு 16 மாத்திரை நேரம், உள்ளே அடக்கும் கும்பகத்துக்கு 64, வெளியே விடும் இரேசகத்துக்கு 32. அப்பா விடியற்காலையில் திண்ணையில் உட்கார்ந்து இந்தக் கணக்கில்தான் செய்வார். விரல் மடக்கி எண்ணுவதை நானும் அக்காவும் தூணுக்குப் பின்னாலிருந்து பார்ப்போம். ஆனால் ஆசிரியை கும்பகத்தை எங்களுக்குத் தொடவேயில்லை. இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் மூச்சை அடக்கக் கூடாது என்றும், மற்றவர்களும் பல மாதப் பழக்கத்துக்குப் பிறகே ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது அதற்குப் போக வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்களுக்குத் தந்தது எளிய பாடம்: நான்கு எண்ணும் வரை உள்ளே இழுத்து, எட்டு எண்ணும் வரை வெளியே விட வேண்டும். உள்ளிழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும், வெளிவிடும்போது சற்று மெதுவாகவும் துடிக்கும் என்பதால், வெளிமூச்சு நீள நீள உடம்பு தணியும் என்று விளக்கினார். மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தேன். உண்மைதான், எட்டை நோக்கிப் போகப் போக நாடித்துடிப்பு தளர்வது விரலுக்கே தெரிந்தது.

ஆனால் என்னால் ஆறுக்கு மேல் போக முடியவில்லை. ஆறாவது எண்ணில் எங்கேயோ ஒரு கைப்பேசி அதிர்வது போல இருக்கிறது, உடனே மூச்சை உள்ளே இழுத்துவிடுகிறேன். கூடத்துக்குக் கைப்பேசி கொண்டு வரக் கூடாது என்பதால் என்னுடையது அறையில், அக்காவின் கட்டிலின் மேல் கிடக்கிறது. திசுச் சோதனை என்றால் என்னென்ன செய்வார்கள் என்று படித்துத் தெரிந்துகொண்டது எந்த வகையிலும் உதவவில்லை: திசுவைப் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றிக் கண்ணாடியில் வைத்துப் பார்க்க வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். மூன்று நாள் இன்றோடு முடிகிறது. ஒருவேளை இன்னொரு சாயம் போட்டுப் பார்க்கிறார்கள் என்றால் அது நல்லதா கெட்டதா என்பதை எவரிடம் கேட்பது? நல்லதென்றால் ஒரே சாயத்தில் தெரிந்திருக்காதா? தெளிவாகத் தெரியாததால்தான் இன்னொன்று என்றால், தெளிவாகக் கெட்டது எதுவும் இல்லை என்றும் ஆகிறதல்லவா? இரவு உணவின்போது பக்கத்தில் இருந்த அம்மாள் இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகே எனக்குக் காதில் விழுந்தது.

நவம்பர் 29, வெள்ளி

வங்கக் கடலில் நிற்கும் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புயலாகாமலே கரையைக் கடக்கும் என்று காலைச் செய்தியில் சொன்னார்கள். பிற்பகலில் அது புயலாகிவிட்டது. ஃபெஞ்சல் என்று பெயர். சவூதி அரேபியா கொடுத்த பெயராம். காரைக்காலுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே நாளை கடக்கும் என்கிறார்கள். குப்பத்து ஆண்கள் கயிறு கட்டி ஃபைபர் படகுகளை மேட்டுக்கு ஏற்றுவதை ஜன்னலிலிருந்து பார்த்தோம். ஒவ்வொரு படகுக்கும் பதினைந்து பேராவது தோள் கொடுத்தார்கள், இயந்திரத்தைத் தனியே கழற்றிச் சாக்கில் சுற்றி இருவர் சுமந்து போனார்கள்.

இருவர் மாலையிலேயே கிளம்பிவிட்டனர். கடல் பக்கத்து அறைகளில் இருந்த எங்களைப் பின்கட்டு மாடிக்கு மாற்றினார்கள். அக்காவின் பாயையும் நானே எடுத்துச் சென்றேன். "ராத்திரியில சாலையில போகாதே, அங்கேயே இரு" என்று அக்கா இரண்டு முறை சொன்னாள். அறிக்கையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் குரலில் களைப்பு இருந்ததா, மழையில் இணைப்பு அப்படி இருந்ததா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

விபரீத கரணியில் சுவரோரம் காலை உயர்த்தி நெடுநேரம் கிடந்தேன். எட்டு வரை போனேன், ஒரே ஒரு முறை.

நவம்பர் 30, சனி

காலை முதல் மின்சாரம் இல்லை. காற்று கூடத்தின் ஜன்னல்களை அறைந்துகொண்டே இருந்ததால் கீழே உணவுக்கூடத்தில் மேசைகளை ஒதுக்கி வகுப்பு நடந்தது. சவாசனத்தில் ஆசிரியை வழக்கமாகப் பேசுவார். இன்று எதுவும் சொல்லவில்லை.

பிற்பகல் 3 மணி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்துகளை நிறுத்திவிட்டார்கள், சென்னை விமான நிலையத்தையும் மூடிவிட்டார்கள். அக்காவின் குறுஞ்செய்தி வந்தது: ஆய்வகத்துக்கு இன்று எவரும் வரவில்லை, திங்கட்கிழமைதான் தெரியும். கூடவே, அவள் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர், பால் வாங்கி வைத்திருக்கிறாள், கவலைப்பட வேண்டாம். நான் கேட்காமலே எடையையும் எழுதியிருக்கிறாள். 51.

போன பொங்கலுக்கு 58 இருந்தாள்.

மாலை 5 மணி. ஜெனரேட்டரை ஒரு மணி நேரத்துக்குத்தான் ஓட்டுவார்களாம். கைப்பேசியை மின்னேற்றத்துக்குப் போட்டுவிட்டு, இணைப்பு இருக்கும்போதே அவளிடம் பேசிவிடப் பார்க்கிறேன்.