அது வேறு கதை

"அண்ணன், இருபத்தஞ்சுக்கு ஏறட்டா?" என்று எங்கள் அறையில் ஆடும் தம்பி ஒருவன் கேட்ட அந்த இரவை நான் பலமுறை மீட்டிப் பார்த்துவிட்டேன். கல்லடி அறையில் இளையவர்களின் ஆட்டப் பதிவுகளைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. பத்து டொலர் போக்கர் மேசைகளில் 12,000 கைகள், அதாவது சீட்டுச் சுற்றுகள், ஆடி, நூறு கைக்கு 8 பெரிய பிளைண்ட் வீதம் வென்றிருந்தான். பெரிய பிளைண்ட் என்பது சுற்றின் தொடக்கத்தில் ஒருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயம்; அந்த மேசையில் 10 சதம். கணக்கில் 750 டொலர் இருந்தது. 25 டொலர் மேசைக்கு அது சரியாக 30 பை-இன், அதாவது முழுத் தொகையோடு முப்பது முறை உட்காரப் போதுமான காசு. "கணக்குச் சரி, ஏறு" என்றேன். சற்றுப் பொறுத்து அவன், "அம்மாட நகை மீட்கிற காசும் இதுக்குள்ளதான் கிடக்கு" என்றான். நான் திரையிலிருந்து கண்ணெடுக்காமல், "அது வேற கதை" என்றேன்.

ஆறு இரவுகளில் 9 பை-இன், அதாவது 225 டொலர் போயிற்று. நன்றாக ஆடுகிறவருக்கும் இப்படிப் போவதுண்டு; அந்த அளவில் என் ஆலோசனை பிழையென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நூறு கைக்கு ஏறத்தாழ 90 பிளைண்ட் அலையும் ஆட்டத்தில், 12,000 கைகளில் கிடைக்கும் வீதம் எட்டளவு மேலோ கீழோ பிசகியிருப்பது சாதாரணம் என்பதும், வெல்லவோ தோற்கவோ செய்யாதவனுக்கும் அதே எட்டு வரக்கூடும் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தன. அதைவிட உறுத்துவது இன்னொரு கணக்கு. அந்த வீதத்தில் அவன் வென்றது வெறும் 96 டொலர். மீதி 654 டொலர் எங்கிருந்து வந்தது என்று, அவன் வாய்திறக்கும் முன்பே நான் கேட்டிருக்கலாம். அவனுடைய உண்மையான ஆட்டமுதல் 30 பை-இன்னே அல்ல.

பிறகு பதிவுகளைப் பார்த்தபோது, கடைசிச் சீட்டு விழுந்ததும் ஈடுகொடுத்திருக்க வேண்டிய பந்தயங்களுக்கு அவன் அடிக்கடி சீட்டை மடித்திருப்பது தெரிந்தது. மேசையில் நகையை வைத்துக்கொண்டு ஆடினால் கை அப்படித்தான் நடுங்கும் என்று நினைத்தேன். நகைக் கதை தெரியாமல் பார்த்திருந்தால், அதே மடிப்புகளை நிதானம் என்று பாராட்டியிருப்பேனோ என்னவோ. மற்றவர் வீட்டு அடகுக் கணக்கைக் கேட்பது என் வேலையா என்ற கேள்விக்கும் என்னிடம் ஒரே பதில் நிலைப்பதில்லை.

இப்போது அவன் மறுபடி பத்து டொலர் மேசையில் ஆடுகிறான். இறங்கச் சொன்னது நான் அல்ல. அவனாகவே இறங்கினான்; பதிவைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.