கலங்கல் எந்தப் பக்கம்?

2015 டிசம்பர் மழையில் வேளச்சேரியில் எங்கள் அடுக்ககத்தின் தரைத்தளம் மூழ்கிய மறுநாள், ஆயா இரண்டாம் மாடி பால்கனியில் நின்றபடி கேட்டாள்: "இந்த ஏரிக்குக் கலங்கல் எந்தப் பக்கம்?"

ஒன்பது ஆண்டுகளாகக் குடியிருந்தும் எனக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டுக்காரரைக் கேட்டேன். "கலங்கல் என்றால்?" என்றார்.

மதுராந்தகத்தை அடுத்த எங்கள் ஊரில் பால்வாடிப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். ஏரி நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் வழிந்து அடுத்த ஊர் ஏரிக்குப் போகும் இடம் அது. "கலங்கல் போகிறது" என்று சேதி வந்தால் ஊரே ஓடும். நாங்கள் மீன் பிடிக்க ஓடுவோம். தாத்தா மட்டும் கரையோரமாகக் குனிந்து நண்டு வளை தேடிக்கொண்டு போவார். ஒரு வளை போதும், கரை உடைய.

கிராமம் என்றதும் பச்சை வயல், வெள்ளை மனம் என்று எழுதுகிறவர்கள் மடைச் சண்டையைப் பார்த்ததில்லை போலும். நவரைப் பட்டத்தில் ஏரி வற்ற வற்ற ஊரின் குணமும் மாறும். முறைத் தண்ணீருக்காகத் தாத்தா மண்வெட்டியைத் தலைமாட்டில் வைத்து வரப்பிலேயே படுப்பார். ஒருமுறை கண்ணயர்ந்த நேரத்தில் பங்காளி மடையைத் தன் பக்கம் திருப்பிவிட்டார். இரண்டு ஆண்டுகள் பேச்சுவார்த்தை இல்லை. பெரியப்பா மகள் கல்யாணத்தில் கூடத் தனிப்பந்தி. இத்தனைக்கும் கரை கசிந்த ஓர் ஐப்பசி இரவில் மணல் மூட்டையின் மறுமுனையைப் பிடித்தவர் அதே பங்காளிதான். விடிந்ததும் மறுபடி பேச்சில்லை.

கடைமடையில் காலனிக்காரர்களின் காணி இருந்தது. அவர்கள் முறை வருவதற்குள் வாய்க்கால் காய்ந்துவிடும். அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

சென்னையும் இப்படிப்பட்ட ஏரிக்கரை ஊர்களைச் சேர்த்துக் கட்டியதுதான். 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை எழுப்பினார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது; அங்கே நின்று பார்த்தால் துணிக்கடைப் பைகளோடு போகிறவர்கள்தான் தெரிகிறார்கள்.

ஆயா பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. கீழே ஒரு ரப்பர் செருப்பும் இரண்டு தண்ணீர்க் கேனும் மெல்ல நகர்வதையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு கம்பியிடுக்கில் கையை நீட்டி, "அந்தப் பக்கம்தான்" என்றாள்.

அந்தத் திசையில்தான் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருக்கிறது என்பதை, மூன்று நாள் கழித்துக் கைப்பேசிக்கு உயிர் வந்தபிறகு வரைபடத்தில் பார்த்துக்கொண்டேன்.