அண்டி ஆபீஸ் கணக்கு: 80 கிலோ மூட்டையில் வியட்நாம் எங்கே நுழைகிறது?

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்து அண்டி ஆபீஸ்களில், அதாவது கொட்டையை உடைத்து முந்திரிப் பருப்பு எடுக்கும் ஆலைகளில், தொழில் நொடித்ததற்கு ஒரே காரணம்தான் சொல்வார்கள்: "வியட்நாம் பருப்பு வந்து விலையைக் கெடுத்துட்டு." அது பாதிதான் சரி. பருப்பு வருவதற்குச் சுவர் எழுப்பியாயிற்று. 2019இல் இறக்குமதிக்குக் குறைந்தபட்ச விலை உடைந்த பருப்புக்குக் கிலோ 680 ரூபாய், முழுப் பருப்புக்கு 720 ரூபாய் என்று வைத்தார்கள். அதே ஆண்டு வரியும் 45 சதவீதத்திலிருந்து 70 ஆனது. அடி விழுவது பருப்பில் அல்ல, அதற்கு முன்னாலேயே, கொட்டை வாங்கும் இடத்தில்.

நம்மூர்க் கொல்லாங்கொட்டை (முந்திரிக் கொட்டை) ஆபீஸ்களின் பசிக்குக் காணாது. ஐவரி கோஸ்ட், கானா, தான்சானியாக் கொட்டையை நம்பித்தான் ஓட்டம். வியட்நாமும் அதே கொட்டையைத்தான் வாங்குகிறது. 2006இல் பருப்பு ஏற்றுமதியில் இந்தியாவை முந்தியும்விட்டது. ஐவரி கோஸ்டில் பிப்ரவரியில் அறுவடை தொடங்கியதும் அவர்கள் மொத்தமாக இறங்குகிறார்கள், விலை அங்கேயே ஏறிவிடுகிறது. சின்ன ஆபீஸ்காரர் தூத்துக்குடி இறக்குமதியாளரிடம் கடனுக்கு வாங்கும்போது அந்த ஏற்றத்தோடு வட்டியும் சேர்ந்துவிடும். கொட்டை பருப்பாகி விற்றுப் பணம் திரும்ப மாதங்கள் ஆகும். அதற்குள் பருப்பு விலை இறங்கினால் போனது போனதுதான்.

அதனால் வாங்கும்போதே 'அவுட்டர்ன்' பார்க்க வேண்டும், அதாவது 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு என்று. ஒரு கிலோ கொட்டையை வெட்டி, நல்ல பருப்பின் எடையோடு புள்ளி விழுந்ததிலும் முற்றாததிலும் பாதி எடையைக் கூட்டுங்கள். கிராமில் வருவதை 80ஆல் பெருக்கி 453.6ஆல் வகுத்தால் பவுண்டு கிடைக்கும். 272 கிராம் வந்தால் 48 பவுண்டு. ஒரு பவுண்டு குறைந்தால் என்ன என்று அலட்சியம் வேண்டாம். 16 டன் லோடு என்றால் 200 மூட்டை. பவுண்டு ஒன்று குறைந்தால் சுமார் 90 கிலோ பருப்பு இல்லை. கணக்குக்குக் கிலோ 700 ரூபாய் என்று வைத்தால் 63,000 ரூபாய்!

ஈரம் இன்னொரு ஓட்டை. மேற்கு ஆப்பிரிக்கச் சரக்கு பெரும்பாலும் நம் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்குள்தான் வந்து இறங்கும். 12 சதவீத ஈரத்தில் வாங்கி 8க்குக் காய வைத்தால் 16 டன்னில் 700 கிலோ வரை காற்றில் போகும். காய வைக்க வெயிலும் கிடைக்காமல், 10 சதவீதத்துக்கு மேல் ஈரத்தோடு அடுக்கினால் பூஞ்சை பிடித்துப் பருப்பில் புள்ளி விழும்.

இனி உடைசல். கொட்டையை ஆவியில் வேகவைக்கும்போது வேக்காடு குறைந்தால் தோடு (ஓடு) ரப்பர் மாதிரி நின்று, வெட்டும்போது பருப்பையும் பிளக்கும். கூடினால் தோட்டெண்ணெய் ஊறி நிறம் கெடும். வேகவைத்ததை ஒரு ராத்திரியாவது ஆறவிடாமல் வெட்டக்கூடாது. வெட்டி எடுத்த பருப்பைப் போர்மாவில், அதாவது சூடான காற்று அறையில், சுமார் 70 டிகிரியில் 6 முதல் 8 மணி நேரம் காய வைக்க வேண்டும். குறைவாகக் காய்ந்தால் பருப்பின் மேல்தொலி ஒட்டிக்கொள்ளும், அதிகமானால் கை பட்டதும் நொறுங்கும். முழுப் பருப்பு 80 சதவீதத்திலிருந்து 75க்கு இறங்கினால், முழுசுக்கும் உடைசலுக்கும் கிலோவுக்கு 150 ரூபாய் வித்தியாசம் என்று வைத்தாலும், அதே லோடில் 32,000 ரூபாய்க்கு மேல் கழியும்.

வியட்நாமில் வெட்டுவது இயந்திரம். அதை நாமும் வாங்கலாமே என்பார்கள். கத்தியின் இடைவெளி கொட்டையின் அளவுக்கு ஏற்ப வைப்பது. பெரிசும் சிறிசும் கலந்து போட்டால் பெரிசு நசுங்கும், சிறிசு வெட்டுப்படாமல் விழும். அதனால் முதலில் சல்லடையில் அளவு பிரிக்க வேண்டும். 200 மூட்டையை ஐந்தாறு அளவாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் சராசரியாக நாற்பது மூட்டைக்கு மேல் தேறாது. அதற்காக இயந்திரத்தைத் திரும்பத் திரும்பத் திருப்பி வைத்து ஓட்டினால் மிச்சம் எங்கே? பக்கத்துப் பக்கத்து ஆபீஸ்கள் அளவு பிரிப்பதை மட்டும் கூட்டாகச் செய்தால் இது கொஞ்சம் தீரும். முதலாளிகள் ஒருவர் சரக்கை இன்னொருவருக்குக் காட்ட மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

கேரளத்தில் கூலிச் சட்டம் இறுகியபோது கொல்லத்து ஆபீஸ்கள் எல்லை தாண்டி இங்கே வந்தது குறைந்த கூலிக்காக. அந்த லாபத்தை இன்று இயந்திரம் தின்றுவிட்டது. கொட்டையைத் தல்லும் (உடைக்கும்) பெண்களின் கூலியைப் பிடித்து வைத்து வியட்நாமை ஜெயிக்கலாம் என்று நினைப்பவர்கள் மேலே சொன்ன பவுண்டுக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

முன்பணம் கொடுக்கும் முன், எத்தனை பவுண்டுக்குக் கீழே போனால் எவ்வளவு கழிவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். மாதிரியை மூட்டை வாயிலிருந்து மட்டும் எடுக்காமல் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுங்கள். நனைந்த கொட்டை கிடப்பது அடி வரிசையில்தான்.