செவலைக் கன்னு

"இன்னும் நாலு மணி நேரம்" என்றது லேப்டாப். ஒயரை நீல நிற யூஎஸ்பி துளைக்கு மாற்றினேன். நாற்பது நிமிடமானது.

கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் சித்திரைக்குச் சித்திரை எடுத்த படங்கள், எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகின்றன. கட் இல்லை, காப்பிதான். நடுவில் ஒயர் ஆடினால் யார் அழுவது?

அப்பாரு எட்டிப் பார்த்து ஒரு படத்தில் விரலை வைத்தார்.

"இந்தச் செவலைக் கன்னு இந்நேரம் மயிலையாயிருக்குஞ் சாமி. எப்ப எடுத்தது?"

காங்கேயம் கன்று சிவப்பாகப் பிறந்து, ஆறு மாத வாக்கில் சாம்பல் நிறமாகிவிடும்.

டிஸ்க்கில் ஃபோல்டர் இன்றைய தேதியைக் காட்டியது. எடுத்த தேதி படத்துக்குள்ளேயே பதிந்திருந்தது: 2014.

"அப்ப அதுக்கே பேரன் பேத்தி இருக்கும்" என்று சிரித்தார்.

வண்டி வண்டியாகப் படம் எடுக்கிறோம், மாட்டை அடையாளம் சொல்லும் ஆட்கள் இருக்கும்போதே உட்கார்ந்து பார்ப்பதில்லை. இரண்டாவது டிஸ்க் வாங்கும்வரை லேப்டாப்பில் எதையும் அழிப்பதாக இல்லை.