ஊசிமுனை நிலமும் உம்பிலோ வெள்ளமும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தீமிதி பார்க்க விரும்புகிறவர்களை நான் கேட்டோ மேனர் பகுதியில் இருக்கும் அம்பலவாணர் ஆலயத்துக்குத்தான் போகச் சொல்வேன். ஈஸ்டர் விடுமுறையை ஒட்டித் திரௌபதி அம்மனுக்குத் திருவிழா நடக்கும். கரும்புத் தோட்டத்து முதலாளி லீவு விட்ட நாளில்தான், இங்கே ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் பெரியவர்களால் சாமி கும்பிட முடிந்தது. அந்த வழக்கம் இன்னும் மாறவில்லை.

கோயிலுக்குப் போனதும் எங்கள் ஆயா முதலில் கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். 1875-இல் உம்பிலோ ஆற்றங்கரையில் எழுந்த பழைய கோயிலின் கதவு அது. 1905 வெள்ளத்தில் அந்தக் கோயில் போய்விட்டது. மீட்டு வைத்திருந்த கதவை, 1947-இல் இங்கே புதிதாகக் கட்டியபோது பொருத்தினார்கள்.

இந்த ஆண்டு பூக்குழிக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. முகத்தில் ஈரத்துணி சுற்றிய இரண்டு பேர் நீளக் கழிகளால் கனலைச் சமப்படுத்திக்கொண்டே இருந்தார்கள். மஞ்சள் உடுத்தி, காப்புக் கட்டி, வேப்பிலையோடு வந்தவர்கள் கரகத்துக்குப் பின்னால் ஒருவர் ஒருவராக இறங்கினார்கள். மறுகோடியில் பால்குழி. முதல் பத்துப் பேர் கால் வைப்பதற்குள்ளேயே பால் சாம்பல் நிறமாகிவிட்டது.

ஏன் திரௌபதி? ஊசிமுனை அளவு நிலம்கூடத் தரமாட்டேன் என்றான் துரியோதனன். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த ஜனங்களுக்கு 1950-இல் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் வந்தது; எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று வெள்ளையர் அரசு வகுத்த சட்டம் அது. நம்மவர்கள் வியர்வை சிந்திப் பண்படுத்திய கேட்டோ மேனரில் வீடுகள் இடிக்கப்பட்டன, கோயில்கள் மட்டும் நின்றன. இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கும் ஃபீனிக்ஸுக்கும் போனவர்களின் பிள்ளைகள்தான் இன்று இங்கே திரும்பி வந்து தீமிதிக்கிறார்கள்.

துரியோதனன் வெள்ளைக்காரனாக மட்டும்தான் வருவான் என்று நினைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. 1949 ஜனவரியில் ஓர் இந்தியக் கடைக்காரர் ஆப்பிரிக்கப் பையனை அடித்தார். பையன் செத்துவிட்டான் என்று வதந்தி பரவியது. கலவரம் அடங்குவதற்குள் 142 உயிர்கள் போயின, பாதிக்கு மேல் ஆப்பிரிக்கர்கள். அந்த இரவில் அடுத்த வீட்டில் இருந்த ஆப்பிரிக்க ஜூலு இனத்து அம்மாதான் தன் கட்டிலுக்கு அடியில் எங்களை ஒளித்து வைத்தாள் என்று ஆயா சொல்லிச் சொல்லி அழுவார்.

அப்புறம் 2021 ஜூலை. முன்னாள் அதிபர் ஜூமா சிறைக்குப் போனதும் கடைகள் சூறையாடப்பட்டன, நாடு முழுக்க 350 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்த முறை வதந்தி வாட்ஸ்அப்பில் வந்தது. ஃபீனிக்ஸில் நம்மவர்கள் தெருமுனைகளில் தடுப்புப் போட்டு நின்றார்கள். அங்கே செத்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். இதைச் சொல்லாமல் 1949-ஐ மட்டும் பேசுவது அம்மன் சந்நிதியில் பொய் சொல்வதற்குச் சமம் என்றுதான் எனக்குப் படுகிறது.

இன்னொன்றும் திரும்பத் திரும்ப வருகிறது. 1917-இல் டர்பனின் உம்கேனி ஆறு பெருகியபோது மாரிமுத்து என்பவர் உட்பட ஆறு மீனவர்கள் ஒரே படகில் போய்ப் போய் 176 பேரைக் கரை சேர்த்தார்கள். 2022-இல் புனித வெள்ளி வாரத்திலேயே வெள்ளம் வந்து நானூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அப்போதும் கழுத்தளவு நீரில் இறங்கியவர்கள் இருந்தார்கள்.

அன்னதானப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் ஃபீனிக்ஸ்காரர், சற்று முன்தான் தீமிதித்து வந்தவர். தடுப்பில் தானும் நின்றதாகச் சொன்னார். வேலை முடிந்து வீட்டுக்குப் போன ஒருவனை நான்கைந்து பேர் சுற்றி வளைத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் காப்புக் கட்டுகிறார்.

"என்ன வேண்டுதல் அண்ணா?" என்று கேட்டேன்.

"விடுங்கடான்னு ஒரு வார்த்தை சொல்ல அன்னைக்கு வாய் வரலை தம்பி. அடுத்த தடவை வரணும்."